ஏழாம் மேசை ஜீரோ

பாஸாகிவிட்டு வந்தவள் முகம் அப்படி இருக்காது.

நான் ஒரு அம்மாளுக்குப் புருவம் எடுத்துக்கொண்டிருந்தேன். நூலின் ஒரு முனை என் பல்லில், மறுமுனை கையில். கதவைத் தள்ளிக்கொண்டு என் தங்கை உள்ளே வந்தாள். வழக்கமாகச் செருப்பை வாசலில் விடுகிறவள், அன்று செருப்போடேயே வந்தாள். காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியில் தெரிந்த தன்னையே பேயறைந்தவள்போல வெறித்தாள். வலது கை மட்டும் இறுக மூடியிருந்தது.

"என்னடி ஆச்சு?" நூலைத் துப்பிவிட்டுக் கேட்டேன்.

"பாஸ்."

"என்னது?"

"பாஸ்க்கா. முழு மார்க். வெளிக் காலேஜ்ல இருந்து வந்த மேடம் கையெழுத்தே போட்டுட்டாங்க."

மூன்றாவது தடவையாக எழுதின அரியர் அது. இதில் தேறாவிட்டால் கிடைத்த வேலையும் போய்விடும் என்ற நிலை. அப்படிப்பட்ட பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கிவிட்டு, எழவு வீட்டிலிருந்து வந்தவள்போல உட்கார்ந்திருக்கிறாள். நான் குதிப்பதா, அழுவதா என்று தெரியாமல் நின்றேன். அவள் மெல்லக் கையை விரித்தாள். உள்ளே சிவப்பு நிறத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் திருகு. அதன் பின்பக்கம் அரை விரல் நீளத்துக்குக் கம்பி ஒட்டிக்கொண்டிருந்தது. கம்பியின் முனை கறுத்து, பச்சை பூத்திருந்தது.

"இது கையோட வந்துடுச்சுக்கா," என்றாள்.

புருவத்துக்கு வந்த அம்மாள் நிலைமையைப் பார்த்துவிட்டு, "நான் நாளைக்கு வரேம்மா," என்று எழுந்து போனார். ஒரு புருவம் வில்லாகவும் மறு புருவம் புதராகவும் அவர் தெருவில் நடந்துபோனதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் காய்ச்சலிலிருந்துதான் தொடங்க வேண்டும். சின்ன வயதில் எனக்குப் பள்ளிக்கூடம் என்றால் வேப்பங்காய். காய்ச்சல்மானியைச் சூடான டம்ளரில் ஒற்றி எடுத்து அம்மாவிடம் நீட்டுகிற வித்தையை நானே கண்டுபிடித்து வைத்திருந்தேன். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டுவதே சிரமம் என்பதால் சின்னவளைப் படிக்கச் சொல்வாள். அவளும் படிப்பாள். "அம்மா, இது ரொம்ப ஜாஸ்தியா காட்டுது. அக்கா இந்நேரம் செத்திருக்கணும்," என்பாள். என் லீவு போச்சு. காட்டிக்கொடுக்க வேண்டும் என்ற எண்ணமெல்லாம் அவளுக்கு இல்லை. பாதரசம் எங்கே நிற்கிறதோ அதைச் சொல்வாள். அவ்வளவுதான். பிழைக்கத் தெரியாத பிள்ளை என்று அம்மா அப்போதே சொல்லிவிட்டாள்.

நான் பத்தாவதோடு படிப்பைத் தலைமுழுகிவிட்டு, அழகு நிலையம் ஒன்றில் வேலை பழகி, பிறகு சொந்தமாகவே ஒன்று வைத்தேன். மருந்துக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் ஒற்றை அறை, இரண்டு நாற்காலி, சுவர் முழுக்கக் கண்ணாடி. அப்பா சரக்கு வேன் ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் கல்லூரி வாசலை மிதித்தவள் சின்னவள்தான். அவள் கேட்ட படிப்பு வேறு. மார்க்குக்குக் கிடைத்தது மின்னணுப் பொறியியல். முதல் மாதம் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு போனவள், இரண்டாவது மாதம் சாப்பாட்டுத் தட்டில் கை காயக் காய அதைப் பற்றியே பேசினாள்.

"அக்கா, ஓடுற தண்ணிய நாம பாக்கலாம். அடிக்கிற காத்தகூட மரம் ஆடுறத வெச்சுக் கண்டுபிடிக்கலாம். மின்சாரம் கண்ணுக்கே தெரியாதுக்கா. அதுக்குத்தான் மீட்டர். மீட்டரப் பாக்கலன்னா நாங்கல்லாம் குருடு."

"நீ முதல்ல தட்டப் பாத்துச் சாப்பிடு," என்றேன்.

புத்தகப் பாடமெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சறுக்கியது ஆய்வுக்கூடத்தில்தான். பெற்றோரைக் கூப்பிட்ட நாளில் அந்த இடத்தை நானும் போய்ப் பார்த்திருக்கிறேன். நீளமான கூடம். ஈயம் உருக்கிய வாசனை. வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயிண்டில் ஓர் எண். மேசைக்கு ஒரு சாம்பல் நிறப் பெட்டி. சுவரிலிருந்து வரும் கரண்டை வாங்கி, இவர்களுக்கு வேண்டிய அளவுக்குச் சின்னதாக்கித் தருகிற பெட்டி அது. முகப்பில் ஒரு சின்ன விளக்கு, எத்தனை வோல்ட் என்று காட்ட ஒரு முள், கூட்டிக் குறைக்க ஒரு குமிழ், கம்பி மாட்ட ஒரு சிவப்புத் திருகு, ஒரு கறுப்புத் திருகு. எந்தச் சோதனை செய்தாலும் கரண்ட் அந்தத் திருகுகளிலிருந்துதான் புறப்பட வேண்டும்.

சுவரின் நடுவில், சாமி படம் மாட்டுகிற உயரத்தில், கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு வரைபடம். டயோடு என்று அரிசி அளவில் ஒரு பொருள் இருக்கிறதாம். அதற்குள் கரண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினால் முதலில் கம்மென்று இருக்குமாம், ஓர் இடத்துக்கு மேல் சரசரவென்று ஏறுமாம். அந்த ஏற்றம்தான் படத்தில் இருந்தது. முத்து முத்தாகப் புள்ளிகள், அதன்மேல் வழுவழுவென்று ஒரு கோடு. நான் போடுகிற கண்மைகூட அவ்வளவு சுத்தமாக வராது.

அதை வரைந்தவர் அந்த ஆய்வுக்கூடத்தின் ஆசிரியர். அதே கல்லூரியில் படித்து, அங்கேயே வேலைக்குச் சேர்ந்தவர். மாணவனாக இருந்தபோது மீட்டரைப் பார்த்து எடுத்த ரீடிங்காம். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் கிராஃப் சார். "இப்படி வரணும்," என்று விரலை அந்தப் படத்துக்கு நேரே நீட்டாமல் அவர் ஒரு வகுப்பையும் முடித்ததில்லையாம்.

மேசை எப்படிக் கிடைக்கும் என்றால் பதிவெண் கணக்கில்தான். என் தங்கையின் எண் ஏழில் முடியும். ஆகவே ஏழாம் மேசை. வகுப்பிலும் அதுதான், பரீட்சையிலும் அதுதான். படிப்பு முடியும்வரை மாறாது.

அந்த மேசையில் அவளோடு இன்னும் இரண்டு பேர். ஒருத்தனுக்கு ஜெராக்ஸ் என்று பெயர். முந்தின வருடத்துக்காரர்களின் ரீடிங்கை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு, வகுப்பு தொடங்கிக் கால் மணி நேரத்தில் எழுதி முடித்துவிட்டு, மிச்ச நேரத்தில் செல்போன் பார்ப்பவன். நல்ல பையன், உதவி செய்வதில் குறை சொல்ல முடியாது. எல்லா மேசையிலும் அதுதான் நடந்தது. அந்தப் பழைய சாமான்களை வைத்து, கம்பியெல்லாம் சரியாக மாட்டி, ஒழுங்காக ரீடிங் எடுக்க ஒரு வகுப்பு நேரம் போதாது. அதனால் வந்த பழக்கம் அது. சோதனை செய்வது ஒரு பக்கம், ரீடிங் போடுவது மறு பக்கம். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

என் தங்கைக்கு மட்டும் தோன்றியது. மாட்டுவாள், கழற்றுவாள், மறுபடி மாட்டுவாள். பெட்டியின் முள் பத்து வோல்ட் என்று கம்பீரமாக நிற்கும். மேசையில் வைத்த மீட்டரோ செத்த பாம்பு மாதிரி கிடக்கும். ஆய்வுக்கூட உதவியாளர் அண்ணனைக் கூப்பிட்டாள். அவர் வந்து பெட்டியைத் தட்டி, "விளக்கு எரியுதா? முள்ளு நிக்குதா? அப்புறம் என்னம்மா, உன் கனெக்ஷன்தான் தப்பு," என்று போய்விட்டார். கிராஃப் சாரிடம் கேட்டாள். அவர் மேசைப்பக்கமே வரவில்லை. இருந்த இடத்திலிருந்தே, "உன் கனெக்ஷன் தப்பு," என்றார். வேறு மேசை கேட்டாள். "எண் பிரகாரம்தான்," என்றார். எல்லோரும் தப்பு என்றதும் இவளும் தன் கையைத்தான் சந்தேகப்பட்டாளே ஒழிய, பெட்டியைச் சந்தேகப்படவில்லை. முள் நிற்கிறதே! காய்ச்சல் காலத்திலிருந்து காட்டுகிற அளவை நம்பியே வளர்ந்தவள் அவள்.

பருவக் கடைசியில் செய்முறைத் தேர்வு. சீட்டுக் குலுக்கி எடுத்ததில் ஒரு சோதனை வந்தது. நேரம் முடியும்வரை போராடினாள். மீட்டர் அசையவில்லை. கடைசியில் எழுதினாள்: ஜீரோ, ஜீரோ, ஜீரோ. பட்டியல் முழுக்க ஜீரோ. வரைபடத் தாளில், இரண்டு கோடும் சந்திக்கிற மூலையில் ஒரே ஒரு புள்ளி. கிராஃப் சார் அந்தத் தாளை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தாராம்.

"இது என்ன? கொசு உட்கார்ந்துட்டுப் போச்சா?"

கூடமே சிரித்தது. அன்றிலிருந்து அவள் பெயர் ஜீரோ. அடுத்த பருவத்தில் மறுபடி எழுதினாள். வேறு சோதனை, அதே மேசை, அதே ஒற்றைப் புள்ளி. மறுபடி தோல்வி. வீட்டுக்கு வந்து என் கடையின் பின்பக்கம், துண்டு காயப்போடுகிற இடத்தில் நின்று அழுதாள். "எல்லாருக்கும் வருதுக்கா. எனக்கு மட்டும் வரமாட்டேங்குது. என் கை சரியில்ல," என்றாள். அந்தக் கையை நானும் வாங்கிப் பார்த்தேன். நல்ல கைதான். எனக்கு என்ன தெரியும்?

அந்த நேரத்தில்தான் தராசு கம்பெனி வந்தது. கடைகளுக்கு மின்னணுத் தராசு செய்கிற கம்பெனி. கல்லூரிக்கே வந்து ஆள் எடுத்தார்கள். செய்து முடித்த தராசு சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்கிற வேலை. இவள் பேசிய விதம் அவர்களுக்குப் பிடித்துப்போய் எடுத்துக்கொண்டார்கள், ஒரே ஒரு நிபந்தனையோடு. பட்டம் கையில் இருக்க வேண்டும். அரியர் இருந்தால் வர வேண்டாம்.

வீட்டில் அன்று நடந்த கூட்டத்தில் அம்மா முதலிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"ஊரோட ஒத்துப் போடி. அவங்க கேக்குறத எழுதிக் குடுத்துட்டு வாயேன். உனக்கென்ன, அரிச்சந்திரன் வீட்டுப் பொண்ணுன்னு நெனப்பா?"

நானும் அதையேதான் சொன்னேன். என் தொழிலுக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. முகத்தை இருக்கிறபடி காட்டிவிட்டால் என் கடைக்கு யார் வருவார்கள்? அப்பா மட்டும், "அவளுக்குத் தோணுறத செய்யட்டும்," என்றார். அவர் எதற்கும் அதைத்தான் சொல்வார் என்பதால் அந்த ஓட்டைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஜெராக்ஸ் வீட்டுக்கே வந்து அவளுக்குப் பாடம் எடுத்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். எங்கள் தொழிலைவிட நுணுக்கமான மேக்கப்பாக இருந்தது.

"ரொம்ப சுத்தமா போடக்கூடாது. ஒண்ணு ரெண்டு புள்ளிய கோட்டுக்கு வெளிய தள்ளிப் போடு. அப்பதான் நம்புவாங்க. பேனாவ எடுத்தவுடனே கடகடன்னு எழுதாத. குமிழத் திருப்பு, குனிஞ்சு மீட்டரப் பாக்குற மாதிரி பாரு, அப்புறம் எழுது. திருப்பு, பாரு, எழுது."

"பாக்குற மாதிரியா?" என்றாள் இவள்.

"மாதிரிதான். நெசமா பாத்தா குழம்பிடுவ."

பரீட்சையன்று நடந்ததை அவள் சொல்லக் கேட்டதுதான். சீட்டில் டயோடு வந்தது. சுவரில் மாட்டியிருக்கிற அதே படம். அவளுக்கு அது தூக்கத்திலும் வரும். கம்பிகளை மாட்டினாள், பெட்டியைப் போட்டாள், விளக்கு எரிந்தது. திருப்பினாள், பார்க்கிற மாதிரி பார்த்தாள், எழுதினாள். இரண்டு புள்ளிகளைச் சொல்லிவைத்தபடி வெளியே தள்ளினாள். வெளிக்கல்லூரி மேடம் வந்து வரைபடத்தைப் பார்த்து, "அழகா வந்திருக்கே!" என்றார். நாலு கேள்வி கேட்டார். இவள் நாலுக்கும் பதில் சொன்னாள். பதிலெல்லாம் அவளுக்கு எப்போதும் தெரியும். கிராஃப் சார் எட்டவே நின்று, "ஒரு வழியா வந்துச்சா!" என்று சிரித்தார். கையெழுத்து ஆயிற்று.

மேடம் அடுத்த மேசைக்கு நகர்ந்த பிறகு இவள் கம்பிகளைக் கழற்றினாள். கறுப்புத் திருகு சுலபமாகக் கழன்றது. சிவப்பு கொஞ்சம் இறுக்கம். அழுத்தித் திருகி இழுத்தாள். கம்பியோடு திருகும் சேர்ந்து பெட்டியிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிட்டது.

அதன் பின்னால் இருந்த கம்பி எதிலும் சேர்ந்திருக்கவில்லை. இப்போது அறுந்ததாக இருந்தால் முனை செம்பு நிறத்தில் மின்ன வேண்டும். இது கறுத்துப் பச்சை பிடித்துக் கிடந்தது. பெட்டிக்குள் என்றைக்கோ அறுந்துபோன கம்பி. விளக்கு எரியும், முள் நிற்கும், எல்லாம் பெட்டியின் வயிற்றுக்குள்ளேயே. வெளியே ஒரு சொட்டுக் கரண்ட் வராது. வந்ததே இல்லை.

அதை எனக்குப் புரியவைக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அப்போ ரெண்டு தடவ நீ ஜீரோன்னு எழுதினியே..."

"அதுதாங்க்கா சரி."

"அதுக்குத்தான் ஃபெயில் போட்டாங்களா?"

"ஆமா."

"இன்னிக்கு நீ எழுதினது?"

"எல்லாம் பொய். ஒண்ணுகூட வர வாய்ப்பில்ல. அதுக்கு முழு மார்க்."

நான் கடையைச் சாத்தினேன். கோபம் வந்தால் எனக்கு முதலில் கடை சாத்தத்தான் தோன்றும். ஒன்றரை வருடம் என் தங்கையைக் கொசு என்றும் ஜீரோ என்றும் சொல்லிச் சிரித்தவர்கள் ஒவ்வொருவர் முகத்திலும் அந்தத் திருகை விட்டெறிய வேண்டும் போலிருந்தது. அம்மாவோ ராத்திரி முழுக்க ஒரே பல்லவி. "பாஸ் ஆயிட்டல்ல? வாய மூடிக்கிட்டு வேலையில சேர்ற வழியப் பாரு. சும்மா கிடந்த சங்க ஊதிக் கெடுத்துடாத."

சின்னவள் சாப்பிடவில்லை. காலையில் குளித்துவிட்டு வந்து, "அக்கா, கூட வரியா?" என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை.

துறைத் தலைவி பருமனான, பொறுமையான பெண்மணி. மேசைமேல் அந்தச் சிவப்புத் திருகை வைத்துவிட்டு என் தங்கை எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் விடவில்லை. நேற்று ரீடிங் எடுக்காமல் கற்பனையாக எழுதியதையும் சொன்னாள். நான் மேசைக்கடியில் அவள் காலை மிதித்தேன். பிரயோஜனம் இல்லை.

"இப்ப நீ என்ன சொல்ல வர்றம்மா?" என்றார் தலைவி.

"நேத்துப் போட்ட மார்க்க எடுத்துடுங்க மேடம். முன்னாடி ரெண்டு தடவ எழுதினதுல ஒண்ணுக்குப் பாஸ் போடுங்க. அதுதான் சரியான ரீடிங்."

தலைவி நாற்காலியில் சாய்ந்தார். அவருடைய சர்வீஸில் ஃபெயிலைப் பாஸாக்கச் சொல்லி வந்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். பாஸை எடுத்துக்கொள்ளுங்கள் என்று வந்து நின்றவள் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

"அது முடியாதும்மா. மார்க் மேல போயாச்சு. அதோட நீ சொல்றத நான் ஏத்துக்கிட்டேன்னு வை, ஏழாவது டேபிள்ல பரீட்ச எழுதுன அத்தன பேரையும் நான் கூப்பிடணும். இந்தக் கம்பி எப்ப அறுந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?" அவர் குரல் இறங்கியது. "கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையா ஆயிடும்."

"மேடம், இவளுக்குப் பண்ணின அநியாயத்துக்கு யார் பதில் சொல்றது?" என்று நான் ஆரம்பித்தேன். என் குரல் வராந்தாவரைக்கும் போயிருக்க வேண்டும். கதவைத் திறந்துகொண்டு கிராஃப் சார் வந்துவிட்டார்.

"என்ன மேடம், சத்தம்?"

தலைவி திருகைக் காட்டினார். "ஏழாவது டேபிள் பெட்டியோடதாம். உள்ள கம்பி அறுந்து கிடக்கு."

அவர் ஒரு வார்த்தை சொன்னால் ஒன்பது வார்த்தை கேட்பது என்று நான் தயாராக நின்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. திருகைக் கையில் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தப் பச்சை பூத்த முனையை நகத்தால் சுரண்டினார். பிறகு பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்து, தலைவியின் அனுமதிகூடக் கேட்காமல் உட்கார்ந்தார். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

"ஏழாவது டேபிளா?" என்றார்.

"ஆமா சார்," என்றாள் தங்கை.

"அதே பெட்டிதானா? மாத்தலையே?"

"ஓரத்துல பெயிண்ட் உரிஞ்ச பெட்டி சார்."

"தெரியும். என் நம்பரும் ஏழுலதான் முடியும்."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. தலைவிக்கு விளங்கிவிட்டது, "ஐயோ," என்று வாயைப் பொத்திக்கொண்டார். ஒரு கணம் கழித்து எனக்கும் உறைத்தது. இவர் படித்த காலத்திலும் அதே மேசை, அதே பெட்டி. சுவரில் சட்டம் போட்டு மாட்டி, வருடா வருடம் எல்லாப் பிள்ளைகளுக்கும் விரலை நீட்டிக் காட்டிய அந்தப் படம்!

"சார், அப்ப உங்களுக்கும்..." தங்கை முடிக்கவில்லை.

"ஜீரோதான்." அவர் தரையைப் பார்த்தே பேசினார். "எத்தன தடவ மாட்டினாலும் ஜீரோ. கேட்டா கனெக்ஷன் தப்புன்னாங்க. என் கனெக்ஷன்தான் தப்புன்னு இத்தன வருஷமா நானும் நெனச்சுட்டிருந்தேன். புத்தகத்துல இருந்த படத்தப் பாத்துப் போட்டேன். ரொம்ப அழகா வந்துச்சுன்னு சொல்லி சட்டம் போட்டு மாட்டிட்டாங்க. அப்புறம் எங்க போய் சொல்றது?"

அவர் திருகை மெல்ல மேசைமேல் திருப்பி வைத்தார்.

"நீ ஜீரோ எழுதின தாளப் பாத்தப்ப எனக்கு அப்படியொரு கோவம் வந்துச்சும்மா," என்றார். "ஏன்னு எனக்கே தெரியல. அந்த டேபிள் பக்கம் வரவே எனக்குப் பிடிக்காது."

இந்த இடத்தில் அவரை நாலு கேள்வி கேட்கத்தான் நான் கல்லூரிவரைக்கும் வந்தேன். அதற்குப் பதில் என் கைக்குட்டையை எடுத்து அவரிடம் நீட்டினேன். என் தங்கைதான் அழுதாள். நேற்றிலிருந்து வராத அழுகை. "எனக்கு மட்டும்தான் வரலைன்னு நெனச்சேன் சார்," என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைவி எங்கள் எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை, பாவம்.

அன்று மத்தியானம் ஆய்வுக்கூடத்தைத் திறந்து கொடுத்தார்கள். பெட்டியின் மூடியைக் கழற்றி, புதுக் கம்பி வைத்து, அவளே ஈயம் உருக்கி ஒட்டினாள். உதவியாளர் அண்ணன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். டயோடை மாட்டினாள். இந்தத் தடவை அவள் மீட்டரைப் பார்த்துச் சொல்ல, கிராஃப் சார் எழுதினார். முதலில் ஒன்றும் வரவில்லை. அவர் முகம் சுருங்கியது. அவள் குமிழை இன்னும் கொஞ்சம் திருப்பினாள். மீட்டரின் முள் அசைந்தது.

"ஏறுது," என்றார் அவர், சின்னப் பையன் மாதிரி. "ஏறுது பாரு!"

வரைந்து பார்த்தால் சுவரில் இருந்த படம் மாதிரி இல்லை. கோணலாக, ஓர் இடத்தில் இடறி விழப்போவதுபோல இருந்தது. அதற்கு மதிப்பெண் கிடையாது. யாரும் கையெழுத்துப் போடவும் இல்லை. நாங்கள் கிளம்பும்போது அவர் ஸ்டூல் போட்டு ஏறி, சட்டத்தை இறக்கிக்கொண்டிருந்தார்.

தலைவி சொன்னபடி மார்க் மாறவில்லை. பட்டம் வந்தது. என் தங்கை தராசு கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். பட்டத்தைக் கடையில், வருகிறவர்கள் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. அப்பா சுவரில் ஆணிகூட அடித்துவிட்டார். சட்டத்தைத் தூக்கிக்கொண்டு நான் ஸ்டூலில் ஏறும்போதுதான் அவள், "வேணாங்க்கா," என்றாள்.

"இன்னும் என்னடி? அந்தப் பெட்டிதானே உன்ன ஏமாத்துச்சு? உன் மேல என்ன தப்பு?"

"ரெண்டு தடவ பெட்டி ஏமாத்துச்சு. மூணாவது தடவ நான் மீட்டரப் பாக்கவே இல்ல. பெட்டி நல்லா இருந்திருந்தாலும் அன்னிக்கு நான் பாத்திருக்க மாட்டேன்."

சட்டத்தோடு ஸ்டூலிலேயே நின்றேன். "பாக்குற மாதிரி பாத்தா போதும்" என்று ஜெராக்ஸ் சொல்லிக்கொடுத்தபோது நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியது ஞாபகத்துக்கு வந்தது. இறங்கினேன்.

பட்டம் பீரோவுக்குள், புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. ஆணியைப் பிடுங்கினால் சுவர் பெயர்ந்துவிடும் என்று அப்பா சொல்லிவிட்டார். அதில் நான் துண்டு மாட்டிக்கொள்கிறேன்.